தலைமை விருந்தினர்

கனானுவின் கேஸ் ராஜியாகி எட்டு லட்சம் ஷில்லிங் நஷ்டஈடு என்று முடிவானது ஊருக்கே தெரியும். அவள் ஏறிப்போன மடாட்டு என்கிற வாடகை வேன் கவிழ்ந்து அவள் கால் நொறுங்கியதற்கு விலை. அதில் ஒரு ஷில்லிங்கூட அவள் கைக்கு வரவில்லை என்பதைத்தான் சொன்னாலும் எவரும் நம்பவில்லை. கையெழுத்தான மறுமாதமே இன்சூரன்ஸ் கம்பெனி திவாலாகிக் கதவைச் சாத்திக்கொண்டது. இனி வேன் முதலாளி இகியாராதான் தர வேண்டும் என்றார் வக்கீல். அந்த மனுஷன் லேசுப்பட்டவரா? ஜப்திக்கு ஆள் போவதற்குள் வேன்களையெல்லாம் மைத்துனன் பேருக்கு மாற்றிவிட்டார். வக்கீலும் இப்போது போனை எடுப்பதில்லை.

நுகுபு சந்தையில் அவளோடு வாழைக்காய் விற்ற பெண்களே, லட்சாதிபதி வருகிறாள், வழிவிடுங்கள் என்று சிரித்தார்கள். பாவிகள்! காலுக்குள் வைத்த கம்பியில் சீழ் பிடித்துவிட்டது, உடனே எடுக்காவிட்டால் காலையே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது அவர்களுக்கும் தெரியும். ஆபரேஷனுக்கு ஒன்றரை லட்சம் கட்ட வேண்டும்.

வேறு வழியில்லாமல் அவள் கணவன் முரீதி சர்ச் வாசலில் ஹரம்பே வைத்தான். ஊர் கூடிப் பணம் போடுகிற வழக்கம்தான். விபத்தின்போது இதே ஜனங்கள் வாரிக் கொடுத்தார்கள். இந்த முறை பாதி நாற்காலி காலி. தட்டில் விழுந்ததெல்லாம் சில்லறை நோட்டு. தலைமை விருந்தினராக வசதியான ஒருவரைப் பிடித்திருப்பதாகப் பாஸ்டர் சொல்லியிருந்தார். கார் வந்து நின்றது. இறங்கியவர் இகியாரா.

கனானுவுக்கு ரத்தம் கொதித்தது. "எல்லார் முன்னாலயும் கேட்டுடப்போறேன்" என்றாள்.

"கேளு. அவர் கொடுத்து முடிக்கட்டும், அப்புறம் கேளு" என்றான் முரீதி.

இகியாரா விபத்தெல்லாம் ஆண்டவன் சித்தம் என்று பேசிவிட்டு ஐம்பதாயிரத்தைத் தட்டில் வைத்தார். பெண்கள் குலவையிட்டார்கள். எண்ணிப் பார்த்ததில் மொத்தம் தொண்ணூறாயிரம் தேறியது. நன்றி சொல்ல வரும்படி பாஸ்டர் அவளைக் கூப்பிட்டார். ஊன்றுகோலோடு போய் நின்றாள். எட்டு லட்சம் நாக்கு நுனியில் நின்றது.

மைக்கை நீட்டுகிற சாக்கில் இகியாரா குனிந்து, மகள் பேரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டார். "மகேனா அம்மா, குறையிற அறுபதாயிரத்தை இப்பவே தர்றேன். பாக்கி எதுவும் இல்லன்னு ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. எதுக்கு வீண் பகை?"

அவள் முரீதியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐயாவுக்கு நன்றி" என்றாள் மைக்கில்.

கூட்டம் கலைந்ததும் அவருடைய கார்மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். காலாவது மிஞ்சினால் சரி. எட்டு லட்சம் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்குப் போய்விட்டது. கொண்டுபோனவருக்கு ஊரறிய நன்றியும் சொல்லியாயிற்று.