விசில் வரும் இடம்

"அந்த விசிலை எடுத்துடுடா," என்றேன்.

தம்பி எஃப்ராயின், காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றவே இல்லை. நான் சோளம் உரித்துக்கொண்டிருந்த அதே சமையலறை மேசையில் தன் தாளப்பெட்டியின் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்தான். பகலில் சலவைக் கம்பெனியில் வேலை, மற்ற நேரமெல்லாம் இந்தப் பெட்டி. அவன் செய்வது ஹிப்-ஹாப்தான், ஆனால் அதில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அம்மா தைத்த மிஷினின் கடகடப்பு, என் சோள வண்டியின் மணி, பஸ் கதவு மூடும் பெருமூச்சு, எல்லாவற்றையும் பதிந்து வெட்டி ஒட்டித் தாளமாக்கி வைத்திருந்தான்.

"வார்த்தை போட்டா என்னடா கொறஞ்சு போகும்?" என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

"எந்த பாஷையில அக்கா? அம்மாவோட மலை பாஷை நமக்கு வராது. ஸ்பானிஷ்ல பாடினா இங்க பொறந்ததுங்க முழிக்கும். இங்கிலீஷ்ல பாடினா நீ முழிப்ப."

கொழுப்புதான். ஆனால் பொய் இல்லை.

கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் எங்கள் தெருக்களுக்கு விசில்தான் காவல். குடியேற்றக் காகிதம் இல்லாதவர்களைப் பிடித்து நாடு கடத்த வரும் முகமூடிக்காரர்களின் வண்டி கண்ணில் பட்டால், முனையில் நிற்பவர் விட்டு விட்டு ஊதுவார். யாரையாவது பிடித்துவிட்டால் ஒரே மூச்சில் நீளமாக. பூங்கா முனை, பூ விற்கும் கிரிசாந்தா அம்மாவின் பொறுப்பு. அவள் ஊதியதைத்தான் இந்தப் பாவி பதிந்து வைத்திருந்தான்.

"நீ இந்த ஊரு ஆஸ்பத்திரியில பொறந்தவன். உங்கிட்ட காகிதம் இருக்கு. உனக்கு விசில்னா தாளம். எனக்கு விசில்னா ஓட்டம்."

என்னை ஏழு வயதில் அம்மா எல்லை தாண்டி நடத்திக் கூட்டிவந்தாள். முப்பது வருடமாகியும் என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. நான் பிடிபட்டால், என் பெண்கள் இரண்டு பேரும் பள்ளி விட்டு வந்து பூட்டிய கதவின் முன்னால் நிற்பார்கள். எனக்கு வேறு பயமே இல்லை, இது ஒன்றுதான்.

"நம்ம பயத்தை வெளிய நிறுத்திட்டு, நம்மளப் பத்தி எப்படிக்கா வாசிக்கிறது?" என்றான். அதற்குமேல் அந்தக் கழுதையிடம் பேசிப் பயனில்லை.

ஞாயிறு மதியம் பூங்காவில், ஒரு வண்டியின் பின்புறம் ஸ்பீக்கர்களை அடுக்கி வாசித்தான். நான் கொஞ்சம் தள்ளி சோளம் விற்றேன். முதல் விசில் வந்ததும் கூட்டம் குலுங்கியது. ஒரு ஆள் கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டு எழுந்தே விட்டான். பெட்டியிலிருந்து வருகிறது என்று தெரிந்ததும் வெட்கச் சிரிப்பு. இரண்டாம் முறை தோள்கள் ஆடின. மூன்றாம் முறை ஹோண்டுராஸ்காரனும் மெக்சிகோவின் புவேப்லாக்காரியும் சேர்ந்து கைதட்டினார்கள்.

"எலோய்சா, உன் தம்பி ஆளக் கொல்றான்!" என்றாள் சோளம் வாங்க வந்தவள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. இத்தனை மாதமாகப் பழகிய பயத்தை ஒரே மதியத்தில் மறக்கடிக்கிறானே!

அடுத்த விசில் வந்தது. கூட்டம் கத்தியது.

நான் சங்கீதம் படித்தவள் இல்லை. ஆனால் வாரக்கணக்கில் சமையலறையில் அதையே கேட்டுக் காது புளித்தவள். தையல் மிஷின் ஓடி, மணி அடித்த பிறகுதான் விசில் வர வேண்டும். மணி இன்னும் அடிக்கவில்லை. மறுபடியும் விசில், தாளத்தில் ஒட்டாமல். ஏதோ புது வித்தை என்று நினைத்து இன்னும் வேகமாக ஆடினார்கள். நான் எஃப்ராயினைப் பார்த்தேன். அவன் கை பெட்டிக்குமேல் அப்படியே நின்றிருந்தது.

வயரைப் பிடுங்கினான். "நான் இல்ல! இது நான் இல்ல! ஓடுங்க!"

சத்தம் நின்ற பூங்காவில், முனையிலிருந்து விசில் தனியாகக் கேட்டது. விட்டு விட்டு. விட்டு விட்டு.

சோள வண்டியை விட்டு ஓடினேன். எதிரே இருந்த தேவாலயத்துச் சமையலறையில் யாரோ என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பூங்கா காலியாகும்வரை விசில் நிற்கவில்லை. பிறகு ஒன்று நீளமாக எழுந்தது. பாதியில் அறுந்தது.

கிரிசாந்தா அம்மா தன்னைப் பிடித்ததற்குத் தானே ஊதியிருக்கிறாள்.

மறுநாள் எஃப்ராயின் வேலைக்குப் போகவில்லை. "அவங்க ஊதின மொத விசிலுக்கே நாம கெளம்பியிருந்தா, அவங்களும் பூவைப் போட்டுட்டு ஓடியிருப்பாங்க அக்கா," என்றான். அப்போதே சொன்னேனே என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. சூடாக ஒரு சோளத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். அவன் அழுவதை அம்மா செத்த அன்றைக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன்.

அடுத்த ஞாயிறும் வாசித்தான். கூட்டம் பாதிகூட இல்லை. பிழைக்க வேண்டுமே, வண்டியோடு நானும் போனேன். தையல் மிஷின் ஓடியது. மணி அடித்தது. விசில் வரும் இடத்தில், அந்த நீளத்துக்கு, ஒன்றுமே இல்லாமல் வெட்டி வைத்திருந்தான்.

ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். யாரும் சொல்லாமலே எல்லாத் தலையும் பூங்கா முனைக்குத் திரும்பியது. அங்கே அவள் பூ வைத்து விற்கும் வாளி மட்டும் இருந்தது. நானும் வண்டியின் பிடியைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டு, ஓட ஒரு காலை முன்னால் வைத்தபடி, காது கொடுத்து நின்றேன்.