ஐந்தாவது பதில்

மார்ச் பதினான்காம் தேதி காலை பத்தேகாலுக்கு, மீன் பதப்படுத்தும் ஆலையின் இரண்டாம் மாடியில், பணியாளர் மனநிலைக் கணக்கெடுப்பின் முடிவுகள் திறக்கப்பட்டன. 'குளிரறை, பெண்கள், ஐம்பது வயதுக்கு மேல்' என்ற வரிசையில் ஐந்து பதில்கள் இருந்தன. அந்த வரிசையில் வரக்கூடியவர்கள் நான்கு பேர்தான்.

கணக்கெடுப்பை நடத்திய அலுவலர் பெயர்ப்பட்டியலைப் பார்த்தாள். தவறு அவளுடையது. ஜனவரியில் குளிரறைக்குள்ளேயே இறந்துபோனவரின் பெயரை நீக்காமல், அவருக்கும் ரகசிய எண் சீட்டை உறையிலிட்டு அனுப்பியிருக்கிறாள். அந்த எண் இல்லாமல் பதில் போட முடியாது.

ஐந்து பேருக்குக் குறைந்த குழுவைத் தனியாகக் காட்டக் கூடாது என்பது விதி. யார் என்ன சொன்னார்கள் என்று தெரிந்துவிடும். மற்றப் பெண்களோடு சேர்த்துவிட வேண்டும். அந்த நூற்றுத் தொண்ணூறு பேரின் சராசரியில் எல்லாரும் திருப்தியாகவே இருந்தார்கள். குளிரறையின் ஐந்து பதில்களிலும் ஒரே குறைதான்: கதவு உள்ளேயிருந்து திறப்பதில்லை.

"அந்த ஒண்ணை எடுத்துடும்மா," என்றார் மேலாளர். "செத்தவங்க கருத்தையும் கேட்க ஆரம்பிச்சா நாம எங்க போறது?"

எடுத்தால் நான்கு. நான்கென்றால் கதவும் சராசரியில் கரைந்துவிடும்.

அவள் கீழே போனாள். நான்கு பெண்களும் கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கைகளை ஊதிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, அஞ்சாவது பதிலை யாரு போட்டது? நான் வெளிய சொல்ல மாட்டேன்."

"நல்லா கேட்ட போ! எங்களதைப் போடவே மூணு நாளாச்சு. நாலு பேருக்கும் சேத்து ஒரே மூக்குக்கண்ணாடி," என்றாள் மூத்தவள். மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. "அவளோட உறை அவ பெட்டியிலதான் கெடக்கு. நாங்க தொடல."

இரும்புப் பெட்டியைத் திறந்தார்கள். உறை ஒட்டியபடியே இருந்தது. அலுவலர் அதைக் கிழித்து, பதில் வந்த எண்களின் பட்டியலோடு சீட்டை ஒப்பிட்டாள். அதே எண். சீட்டு ஈரமாக, சில்லென்றிருந்தது.

"அவ எதுக்கும் கடைசி ஆளாத்தான் வருவா," என்றாள் இளையவள், யாரையும் பார்க்காமல்.

அலுவலர் மாடியேறி அறிக்கையில் கையெழுத்திட்டாள்.

"எடுத்தாச்சா?"

"எண்ணிக்கை சரியா இருக்கு சார்."

வரிசை ஐந்தாகவே மேலிடத்துக்குப் போனது.

ஏப்ரல் இரண்டாம் தேதி கதவின் உட்புறம் புதிய கைப்பிடி பொருத்தினார்கள். வேலை முடியும்வரை நான்கு பெண்களும் சுவரோரம் நின்றார்கள். இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர்; நடுவே ஓர் ஆள் நிற்கும் இடம். பழுது பார்த்தவர் கருவிப்பையை எடுத்துக்கொண்டு அந்த இடைவெளி வரை வந்தார். சற்று ஒதுங்கி, சுற்றிக்கொண்டு வெளியே போனார்.