நாலாம் நம்பர் வீட்டுப் புகார்

தையல் மிஷினை அனுப்பிவைக்கச் சொல்லி மனைவி போனில் கேட்டபோது செக்ரட்டரி "சரி" என்று மட்டும் சொன்னார். பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று மகள் வீட்டுக்குப் போனவள் அவள். பதினான்கு மாதம் ஆகிவிட்டது. முதலில் எல்லாம் 'அடுத்த மாசம் பார்க்கலாம்' என்றாவது சொல்வாள், இப்போது அந்தப் பேச்சையும் காணோம். மிஷின் போய்விட்டால் அவள் திரும்பி வரமாட்டாள். அதுகூடப் புரியாத அளவுக்கு அவர் மக்கு இல்லை.

பார்சல்காரர் நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். மிஷின் ஆடாமல் அசையாமல் இருக்க, பெட்டிக்குள் பழைய காகிதம் திணிக்க வேண்டும். காகிதத்துக்கா பஞ்சம்? கூடத்தில் இடுப்பளவு உயரத்துக்குப் புகார் நோட்டுகள் அடுக்கிக் கிடந்தன. போன வாரம்தான் கீழே இருந்து மேலே வந்தவை அவை. கூடவே அவரும் வந்துவிட்டார்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்குக் கீழே, சங்க செக்ரட்டரிக்கென்று ஒரு சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, கயிற்றில் கட்டிய பேனாவோடு ஒரு நோட்டு. இருபத்துநாலு வருடம் அதுதான் அவருடைய ராஜ்ஜியம். அச்சகத்தில் பகல் முழுக்க ஆங்கிலப் பிழை திருத்திவிட்டு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் அங்கே உட்கார்ந்துவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு கேட்கவே வேண்டாம், காபி குடித்த கையோடு இறங்கினால் படுக்கத்தான் மேலே வருவார். இப்போது புது கமிட்டிப் பிள்ளைகள் புகாரையெல்லாம் போனுக்கு மாற்றிவிட்டார்கள். "ரூமைக் கொஞ்சம் காலி பண்ணிக் குடுங்க அங்கிள், பார்சல் வைக்க எடமே இல்ல" என்று ஒருவன் சிரித்த முகத்தோடு சொன்னான். சிரித்த முகத்தோடு சொன்னால் சண்டை போடவும் வழியில்லை.

நோட்டுகளைப் பால்கனிக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகத் தட்டினார். புத்தகப் பூச்சிகள் வெயிலைக் கண்டதும் பளபளவென்று ஓடின. ஆயுள் முழுக்கப் பூச்சிப் புகார் வாங்கியவரின் நோட்டையே பூச்சி அரித்திருந்தது. ரொம்ப அரித்துப்போனதைப் பொதிவதற்கு எடுத்துக்கொள்ளலாம் என்று பிரித்தவர், கிழிக்காமல் படிக்க உட்கார்ந்துவிட்டார்.

பதினாறு வீட்டில் ஐந்து மொழி பேசுகிறவர்கள் இருந்தார்கள். அதனால் புகாரை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அந்த ஆங்கிலம் பட்ட பாடு இருக்கிறதே! பல் டாக்டர் வீட்டில் எலி 'டெய்லி ஒன்லி' வந்தது. எதிர்வீட்டு வங்கிக்காரர் எறும்பைப் பற்றி நேரில் 'டிஸ்கஸ் அபௌட்' பண்ண விரும்பினார். மூன்றாம் மாடிப் பாட்டு டீச்சர், மேல்வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தத்தை 'கோப் அப்' பண்ண முடியவில்லை என்று இரண்டு பக்கம் அழுதிருந்தார். எல்லாவற்றிலும் செக்ரட்டரியின் சிவப்பு மை. வட்டம், அடித்தல், ஓரத்தில் சரியான சொல். பார்க்கிறவர்களுக்குப் பரீட்சைப் பேப்பர் மாதிரி இருக்கும்.

அதற்காக யாரும் கோபித்துக்கொண்டதில்லை. காலையில் வேலைக்குப் போகிற அவசரத்திலும் ஆளுக்கு ஒரு நிமிஷம் நின்று அடுத்த வீட்டுப் புகாரைப் படித்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். "டாக்டர், உங்க எலிக்கு ஒன்பது தப்பு, என் எறும்புக்கு நாலுதான்" என்று வங்கிக்காரர் வம்புக்கு இழுப்பார். டாக்டர் விடுவாரா? "எறும்பு சின்னது சார், தப்பும் சின்னதாத்தான் இருக்கும்." அறை வாசலில் செருப்புக் கும்பலாகக் கிடக்கும். டாக்டர் இப்போது இல்லை. பாட்டு டீச்சர் எந்த ஊரில் இருக்கிறாரோ. என்ன அருமையான தொல்லைகள்!

நாலாம் நம்பர் அவருடைய சொந்த வீடு. முதல் வருட நோட்டிலேயே நாலாம் நம்பர் புகார் ஒன்று இருந்தது. எழுதியது அவர் மனைவி.

அந்த நாள் நன்றாக ஞாபகம் வந்தது. சமையலறையில் கரப்பான் தொல்லை தாங்கவில்லை என்று ஒரு மாதமாக அவரிடம் சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் ஏறவில்லை. ஒரு நாள் விறுவிறுவென்று இறங்கி வந்து, அவர் முன்னாலேயே கயிற்றுப் பேனாவை எடுத்தாள். தமிழில் பத்தாவது படித்தவள். ஒவ்வொரு எழுத்தாக, நாக்கை உதட்டோரம் வைத்துக்கொண்டு எழுதினாள்: 'மெனி காக்ரோச் இஸ் கமிங் இன் கிச்சன். டோல்ட் டு ஹஸ்பண்ட். நோ ஆக்ஷன்.' எழுதி முடித்து, "செக்ரட்டரி சார், கொஞ்சம் பாருங்க" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் அறையே குலுங்கியது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சிவப்புப் பேனாவை எடுத்து ஆறு இடத்தில் வட்டம் போட்டார். கரப்பானுக்கு மருந்து அடித்தது அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான்.

அதற்குப் பிறகு அவளுக்கு அதுவே வழியாகிவிட்டது. வீட்டில் சொல்வதை நோட்டில் எழுதினாள். குழாய் சொட்டுகிறது. பல்லி முட்டை அலமாரியில். புறா பால்கனியில் குடும்பம் நடத்துகிறது, அவற்றுக்குள்ளாவது பேச்சுவார்த்தை இருக்கிறது. இந்தக் கடைசி வரியைப் படித்தபோது அவர் இன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்தார். ஓரத்தில் சிவப்பு மையில் அவருடைய திருத்தம் மட்டும் இருந்தது.

நோட்டு மாற மாற, நாலாம் நம்பர் பக்கங்களில் சிவப்பு குறைந்துகொண்டே வந்தது. ஆறு வட்டம் நாலாகி, நாலு இரண்டாகியது. ஒரு தடவை திருத்தியதை அவள் மறுபடி தப்பாக எழுதவே இல்லை. எழுத்தும் வரிசையாக, அழகாக நிற்கப் பழகியிருந்தது. இதையெல்லாம் எப்படிக் கவனிக்காமல் இருந்தோம் என்று செக்ரட்டரிக்கு ஆச்சரியமாக இருந்தது.

மகளுக்குக் கல்யாணமாகிப் போன மறு மாதத்து நோட்டை எடுத்தார். அதில் நாலாம் நம்பர் பக்கத்தில் சிவப்பே இல்லை. பச்சை மையில் 'ஓகே' என்று எழுதிக் கீழே தன் கையெழுத்தின் சுருக்கம். அச்சகத்தில் ஒரு பிழையும் இல்லாத பக்கத்துக்கு அவர் போடுகிற அடையாளம் அது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே ஃபோர்மன் சொல்லிக்கொடுத்தார்: எழுத்தைப் பார், விஷயத்துக்குள் போகாதே, போனால் தப்பு தப்பித்துவிடும். முப்பது வருடம் அப்படித்தான் பார்த்தார். கொலைச் செய்தியானாலும் கல்யாணப் பத்திரிகையானாலும் அவருக்கு எழுத்துதான்.

இன்றைக்கு விஷயத்தைப் படித்தார். நல்ல ஆங்கிலம். பள்ளிக்கூடத்தில் பாடமாக வைக்கலாம்.

'மதிப்பிற்குரிய செக்ரட்டரி அவர்களுக்கு. எங்கள் மகள் போன பிறகு இந்த வீட்டில் காலைக் காபிக்குப் பிறகு என்னோடு பேச யாரும் இல்லை. வீட்டுக்காரர் தூங்குவதற்கு மட்டும் வருகிறார். சில நாள் என் குரலைக் கேட்பதற்காகவே நான் மிஷினோடு பேசுகிறேன். இதற்கு ஏதாவது செய்ய முடியுமா? அவசரம் இல்லை. ஆனால் ரொம்ப நாள் தள்ளிப்போட வேண்டாம்.'

பக்கத்தில் பச்சை மையில் ஓகே.

செக்ரட்டரி அதற்கப்புறம் வந்த நோட்டுகளை ஒன்றுவிடாமல் புரட்டினார். நாலாம் நம்பரிலிருந்து ஒரு வரி இல்லை. ஆறு வருடமாக இல்லை. இதை வைத்து அவர் கூட்டத்தில் பெருமை வேறு அடித்திருக்கிறார். "என் வீட்டைப் பாருங்க, வருஷக்கணக்கா ஒரு புகார் கெடையாது" என்று மைக்கில் சொன்னார். அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் தட்டினாளா என்று யோசித்துப் பார்த்தார், ஞாபகம் வரவில்லை. வெட்கத்தில் உடம்பு கூசியது. அழுகையும் வந்தது. அழுதார்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"என்னங்க, பார்சல் போயிடுச்சா?" என்றாள் மனைவி.

"இல்ல. நாலு மணிக்குத்தான் வர்றாங்க." "நீ எழுதினதப் படிச்சேன். நோட்டுல. நம்ம பொண்ணு போன மறு மாசம் எழுதினியே, அது."

அந்தப் பக்கம் பேரக் குழந்தை எதையோ தரையில் தட்டுவது கேட்டது.

"இப்பத்தான் படிச்சீங்களா?"

"இப்பத்தான்."

"நீங்க போட்ட செவப்பையெல்லாம் ஒரு பழைய டைரியில காப்பி பண்ணி மனப்பாடம் பண்ணினேங்க. பதினெட்டு வருஷம். தப்பு இருக்கறதாலதான் தப்ப மட்டும் பாக்கறீங்க, தப்பே இல்லாம எழுதினா விஷயத்தப் படிப்பீங்கன்னு நெனச்சேன்." கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. ஏதோ பக்கத்து வீட்டுச் சங்கதி மாதிரி சொன்னாள். "சரி விடுங்க, பழைய கதை."

"மிஷின அனுப்பலைன்னா வருவியா?"

"வரமாட்டேன். அங்க எனக்கு யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்ல."

"நீங்க கீழ இருக்கீங்க."

"இல்ல, மேலதான் இருக்கேன். அந்த ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

"அப்படிச் சொல்லுங்க. ரூம் போனதால வீடு ஞாபகம் வந்திருக்கு."

அடி சரியான இடத்தில் விழுந்தது. இல்லை என்றால் பொய், ஆமாம் என்றால் அசிங்கம். வழக்கமாக இந்த இடத்தில் "சரி, வெச்சிடறேன்" என்று சொல்லிவிடுவார். இன்றைக்கு வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.

வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் பார்சல்காரர், கையில் பெரிய அட்டைப் பெட்டியோடு. "மிஷின் ஒண்ணுதானே சார்?" என்றார். செக்ரட்டரி அவரை உள்ளே வந்து உட்காரச் சொல்லிவிட்டு, போனோடு ஜன்னல் ஓரம் போனார்.

"பார்சல்காரர் வந்துட்டாரு. குடுத்துடறேன்."

"ம்."

"நானும் அங்க வரலாமா?"

முப்பத்தெட்டு வருடத்தில் அவர் அவளிடம் அனுமதி கேட்டது இதுதான் முதல் தடவை. கேட்ட பிறகு பயமாகக்கூட இருந்தது.

"இங்க வந்து என்ன பண்ணப்போறீங்க? இங்க செக்ரட்டரி வேலையெல்லாம் காலி இல்ல."

"ஒண்ணும் பண்ணல. நீ தைக்கறப்ப பக்கத்துல உக்காந்துக்கறேன். நீ பேசு. நான் கேக்கறேன்."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊசியைக் கழற்றித் தனியாகச் சுற்றி வைக்கச் சொன்னாள். மேலே எண்ணெய் இருந்தால் துடைத்துவிடச் சொன்னாள். பெட்டியைத் தலைகீழாக வைக்கக் கூடாது என்று எழுதி ஒட்டச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றுக்கும் உம் கொட்டினார்.

"எல்லாம் சரி," என்றாள். "எப்ப வர்றீங்க?"