கிளம்பும்போது மட்டும் உதறும் வண்டி

மாமனார் கார் வாங்கியதும் தம்முடைய பழைய மோட்டார் சைக்கிளை மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். தர்மப்பிரபு. கூடவே ஒரு புத்திமதியும் இனாம்.

"இத்தனை வருஷத்துல ஒரு நாள் மக்கர் பண்ணினதில்ல மாப்ள. பதமா வெச்சுக்குங்க."

ஓடும்போது வண்டி தங்கம்தான். நின்று கிளம்பும்போதுதான் வினை. சிக்னலில் பச்சை விழுந்து கிளட்ச்சை விட்டால், குளிர்ஜுரம் கண்டதுபோல் தலையிலிருந்து வால்வரை உதறும். பின்னால் உட்கார்ந்த மனைவியின் ஹெல்மெட் அவன் ஹெல்மெட்டில் டொக் டொக்கென்று முட்டும். அவன் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்குப் போகும் வழியில் சிக்னலுக்கா பஞ்சம்?

மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தான்.

"கிளம்பறப்ப கொஞ்சம் உதறுது மாமா."

"வண்டி உதறல மாப்ள. உங்க கை உதறுது."

அதை நிரூபிக்க ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து, மாப்பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். தெருமுனையில் நின்று மறுபடி கிளம்பியபோது, வண்டி அவருடைய மூக்குக்கண்ணாடியை மூக்கு நுனிவரை இறக்கிவிட்டு அணைந்துபோனது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனாலேயே அர்ச்சனை செய்தான்.

"ரோடு சரியில்ல," என்றார் மாமனார். போன வாரம் போட்ட ரோடு அது.

பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை எஞ்சின் ஆயிலை வடித்தான்.

"கடைசியா எந்த ஆயில் ஊத்துனீங்க மாமா?"

"காருக்கு வாங்குனதுல மிச்சம். ஒசத்தி ஆயில். வழவழன்னு இருக்கும்."

"இந்த வண்டில கிளட்ச்சும் அதே ஆயில்லதானே முங்கிக் கெடக்கு? அது பிடிக்கணும் மாமா, வழுக்கக் கூடாது."

"வழுக்குனா எஞ்சினுக்கு நல்லதுதானே?"

மாப்பிள்ளை கிளட்ச் கவரைக் கழற்றினான். கிளட்ச் பிளேட்டுகள் தேய்ந்து பளபளத்தன. ஸ்டீல் பிளேட்டுகள் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன. அவற்றில் ஒன்றை மனைவியின் முகம் பார்க்கும் கண்ணாடிமேல் வைத்து, விளிம்புக்கு அடியில் ஒரு காகிதத்தை நுழைத்தான். தாராளமாகப் போய் வந்தது.

"பாருங்க மாமா, பிளேட்டு வளைஞ்சிருக்கு."

மாமனார் குனிந்து தீர ஆராய்ந்தார். "கண்ணாடி வளைஞ்சிருக்கு."

மனைவி டீப்பாயின் கண்ணாடிப் பலகையைத் தூக்கி வந்து வைத்தாள். காகிதம் மறுபடி நுழைந்தது.

"இதுவும்தான்," என்றார் மாமனார்.

"அப்பா, இந்த வீட்ல வளையாதது நீங்க ஒருத்தர்தான். போய் உள்ள உக்காருங்க."

புதுப் பிளேட்டுகள் வண்டிக்கேற்ற ஆயிலில் ஓர் இரவு ஊறின. ஊறிய இடம் மனைவியின் நல்ல பாத்திரம். அதற்காக அவன் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டான். மறுநாள் மாலை எல்லாவற்றையும் பூட்டி முடித்தபோது, மாமனார் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒரு சுற்று ஓட்டினார். வண்டி நீரில் தள்ளிய தோணிபோல் நழுவிக் கிளம்பியது. திரும்பி வந்தவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"காரை நிறுத்த எங்கயும் எடம் கெடைக்க மாட்டேங்குது மாப்ள. இது கொஞ்ச நாள் என்கிட்டயே இருக்கட்டும்."

அவன் வாயைத் திறந்தான். "மாமா..." என்பதற்குமேல் மரியாதை இடம் கொடுக்கவில்லை.

மனைவிக்கு அந்தச் சங்கடமெல்லாம் இல்லை. அப்பாவின் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்தாள். ஒரு ஹெல்மெட்டை அவர் தலையில் கவிழ்த்தாள்.

"ஏறுங்கப்பா. வீட்ல விட்டுட்டு வர்றேன்."

கணவன் வாசலில் நின்று பார்த்தான். உதறலே இல்லை. மகளின் தோளுக்கு மேலாக மாமனாரின் கை நீண்டு, கிளட்ச்சை எப்படி விட வேண்டும் என்று விளக்கிக்கொண்டே போனது.