உட்கார மறுத்த மை

பூமியில் பிறந்த எந்தத் திரவமும் தன் கோணமானிக்கு முன்னால் பொய் சொல்ல முடியாது என்று விருதுநகர்க் கல்லூரி வேதியியல் ஆசிரியர் நேசகுமார் 1962 சித்திரையில் சிவகாசி அச்சகம் ஒன்றில் அறிவித்தார். கம்பி மத்தாப்பு அடைக்கும் பாலிதீன் பைகளில் மை ஒட்டவில்லை என்று முதலாளி சங்கிலிமுத்து அவரை வரவழைத்திருந்தார். துளியின் விளிம்பு பரப்பைத் தொடும் கோணத்தை அளப்பது அந்தக் கருவி; துளி பரவினால் கோணம் குறையும், உருண்டு நின்றால் கூடும். நூற்றெண்பதுக்கு மேல் கிடையாது. நேசகுமார் ஒரு சொட்டு மையை விட்டார். அது பாலிதீனுக்கு ஒரு விரற்கடை மேலே எழும்பி அந்தரத்தில் நின்றது. அளந்ததில் இருநூற்றுப் பதினொன்று வந்தது. பாலிதீனை லேசாக நெருப்பில் காட்டினால் மை பிடிக்கும் என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் வெடிமருந்துக் கிடங்கு. நாட்டுக்கே தீப்பெட்டி செய்யும் ஊரில் ஒரு குச்சியைக் கிழிக்க ஆள் இல்லை.

ஆடிக்குள் பை அச்சாகாவிட்டால் மிஷினை விற்றுவிடுவேன், அதை ஓட்டுகிற முத்துப்பேச்சி பழையபடி தீக்குச்சி அடுக்கப் போகலாம் என்றார் முதலாளி.

"போகமாட்டேன். மிசினைத் தூக்குறவுக என்னையும் சேத்துத் தூக்கட்டும்," என்றாள் அவள். பிறகு துளியைப் பார்த்தாள். "வந்தவுக அம்புட்டு நேரமா நிக்காகளே, யாராச்சும் உக்காரச் சொன்னீகளா?"

"மைக்கு நாற்காலி போடணுமோ?" நேசகுமார் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது.

"வாங்க, உக்காருங்க," என்றாள் அவள் துளியிடம். துளி இறங்கி, சம்மணம் போட்டதுபோல் பரவியது. கோணம் பூஜ்யம்.

நேசகுமார் அதை ஈரக்காற்றின் வேலை என்று முடிவுகட்டி, சாத்தூர் வரை போய் மூடநம்பிக்கை ஒழிப்புக் கூட்டத்தில் பேசினார். முத்துப்பேச்சி நான்கு வருஷம், தினமும் காலையில் மையிடம் நலம் விசாரித்துவிட்டே மிஷினை ஓட்டினாள்.

1966 ஆடிக் கடைசி வெள்ளிக்கு அவள் இருக்கன்குடி கோயிலுக்குப் போனாள். மை எழும்பி நின்றது. சாயங்காலம் பை லோடு கிளம்பியாக வேண்டும். "ஏலே, உக்காருலே!" என்று சங்கிலிமுத்து அதட்டினார், மை இன்னொரு விரற்கடை உயர்ந்தது. லோடு தவறினால் மிஷினையும் அவளையும் ஒரே வண்டியில் ஏற்றிவிடுவேன் என்று கத்திவிட்டு, நேசகுமாருக்கு ஆள் அனுப்பினார்.

அவர் வந்து அளந்தார். இருநூற்று நாற்பது. எல்லோரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். கோணமானியைப் பைக்குள் வைத்தார். செருப்பைக் கழற்றினார்.

"வாங்கய்யா, உக்காருங்க," என்றார் தாழ்ந்த குரலில்.

மை யோசித்தது.

"சாப்பிட்டீகளா?" என்று நலமும் விசாரித்தார்.

லோடு நேரத்துக்குக் கிளம்பியது.