முதலாளியின் அப்பா போட்ட கமெண்ட்

மெத்தை செய்கிற கம்பெனி அது. மெத்தையை விற்பதைவிட முதலாளியை விற்பதுதான் லாபம் என்று ஓர் ஆலோசகர் வந்து ஓதிவிட்டுப் போனார். மறுநாளே, வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தவளுக்கு வேலை மாறியது.

"நீங்கதான் தப்பில்லாம எழுதுறீங்க. இனிமே நான் நினைக்கிறதை எல்லாம் என் பேர்ல நீங்க போடுங்க" என்றார் முதலாளி. என்ன நினைக்கிறார் என்பதை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

அதனால் அவளே நினைத்தாள். முதலாளி காலை நாலரைக்கு எழுந்துவிடுவதாக எழுதினாள். அவர் பத்தரைக்குக் கொட்டாவியோடு வந்து அதைப் படித்துவிட்டு, "கரெக்டா பிடிச்சிருக்கீங்க" என்றார்.

பதிவு ஏறிய பத்து நிமிடத்துக்குள் ஊழியர்கள் அத்தனை பேரும் லைக் போட வேண்டும். ஆறு சொல்லுக்குக் குறையாமல் கமெண்டும் எழுத வேண்டும். நுரை வெட்டும் எந்திரத்தை நிறுத்தி, கையுறையைக் கழற்றிவிட்டு ஆளாளுக்கு உருகினார்கள். ஸ்டோர் கீப்பருக்கு எல்லாவற்றுக்கும் ஒரே கமெண்ட்தான்: "வாழ்த்துகள் சார், இதுபோல் மென்மேலும் தொடர வேண்டுகிறேன் சார்." முதலாளியின் பெரியம்மா காலமான பதிவுக்கும் அதையேதான் போட்டார்.

மூன்றே மாதத்தில் அவளிடம் சரக்கு தீர்ந்துபோனது. முதலாளி விடுவதாக இல்லை.

"கொஞ்சம் ஏழ்மை வேணும்மா. கஷ்டப்பட்டு மேல வந்த மாதிரி ஒண்ணு போடுங்க. ஜனங்க அழணும். சாயங்காலத்துக்குள்ள வேணும்."

பிறந்ததிலிருந்து ஏ.சி.யைவிட்டு வெளியே வராத மனிதருக்கு ஏழ்மையை எங்கே போய்த் தேடுவது? வேறு வழியில்லாமல் தன் வீட்டிலிருந்தே எடுத்துக் கொடுத்தாள். கல்லூரி ஃபீஸுக்காக அப்பா சைக்கிளை விற்றது, அதன்பிறகு வேலைக்கு நடந்தே போனது, கேட்டால் "டாக்டர்தான் நடக்கச் சொன்னாரு" என்று சமாளித்தது, எல்லாவற்றையும்.

பதிவு காட்டுத்தீயாகப் பரவியது. ஊழியர்கள் முதல்முறையாகச் சொல்லாமலே அழுதார்கள். மறுநாள் மத்தியானம் முதலாளியின் அப்பா அதைப் பார்த்தார். மூன்று ஆலைகளுக்குச் சொந்தக்காரர். கீழே எழுதினார்: "தம்பி, எனக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாதேப்பா. உன் காலேஜுக்கு நான் கட்டடமே கட்டிக் கொடுத்தேனே, அது மறந்துபோச்சா?"

பழக்கதோஷத்தில் ஊழியர்கள் பத்து நிமிடத்துக்குள் அதற்கும் லைக் போட்டுவிட்டார்கள்.

ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது. முதலாளியின் தலையை வெட்டிச் சைக்கிள் மேல் ஒட்டிப் படம் போட்டார்கள். அவளால் மட்டும் சிரிக்க முடியவில்லை. அத்தனை பேரும் புளுகு என்று கேலி செய்தது அவளுடைய அப்பா நடந்த நடையைத்தான்.

சாயங்காலம் வீட்டில் அப்பா போனை நீட்டினார். "இது நம்ம சைக்கிள் மாதிரி இருக்கேம்மா?"

"நம்மளதுதாம்ப்பா. வித்துட்டேன்."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் வித்தப்ப ஃபீஸாவது கட்டினோம்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

மறுநாள் முதலாளி தெம்பாகவே இருந்தார். "'தவறு எனக்குக் கற்றுத்தந்த ஐந்து பாடங்கள்'னு ஒண்ணு அடிங்க."

"சார், அது எங்க அப்பா கதை. அதை ஒத்துக்கிட்டு எழுதுங்க சார்."

முதலாளியின் முகம் மலர்ந்தது. "அட, நல்லா இருக்கே! ஊழியரோட வலியை என் வலியா நினைச்சுட்டேன்னு முடிச்சிடுங்க."

அவள் தன் இருக்கைக்குப் போய், தன் பெயரில் நாலு வரி எழுதினாள். சைக்கிள் கதை நிஜம். அது என் அப்பாவுடையது. அவரைக் கேட்காமல் இன்னொருவர் பேரில் போட்டது என் தப்பு. போட்டுவிட்டு, ராஜினாமாக் கடிதத்தை முதலாளி மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அவள் பேருந்து நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் முதலாளி அந்த நாலு வரியைப் பகிர்ந்திருந்தார்: "இப்படிப்பட்ட நேர்மையாளர்களை உருவாக்கியதே என் வெற்றி!" அதுவரை போட்டதிலேயே அதுதான் அதிகம் ஓடியது. மாதக் கடைசியில், உண்மையாக இருப்பது எப்படி என்று மேடையேறிப் பேசவும் அவரைக் கூப்பிட்டார்கள். போனார், பேசினார்.

அவள் இப்போது ஓர் அச்சகத்தில் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற சீட்டுகளுக்குப் பிழை திருத்துகிறாள். எறும்பு மாதிரி எழுத்து. யாரும் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் ஒரு மாத்திரை என்பது இரண்டாகிவிடக் கூடாதே என்று, வரிவரியாக விரல் வைத்துப் படிக்கிறாள்.