நொண்டத் தெரிந்த நாய்

அருள்செல்வி கால்நடை மருத்துவராகி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. ராயப்பன்பட்டியில் வீடு, தேவாரம் பக்கத்தில் மருந்தகம். பெரும்பாலும் மாடும் ஆடும்தான் வரும். எப்போதாவது கடிபட்ட நாய் ஒன்று வரும். நடிப்பைத் தொழிலாகக் கொண்ட நாய் ஒன்று உண்டென்று 2008 ஆடி மாதம் வரை அவளுக்குத் தெரியாது.

அந்தச் செய்தியைக் கொண்டுவந்தவன் உத்தமபாளையத்து இத்ரீஸ். கம்பம் பள்ளத்தாக்குக்குப் படமெடுக்க வருகிறவர்களுக்கு இடம் பார்த்துக்கொடுப்பது, வண்டி பிடித்துக்கொடுப்பது, கூட்டம் கூடினால் கலைத்துவிடுவது எல்லாம் அவன் வேலை.

"டாக்டரம்மா, பொட்டிப்புரத்துல விளம்பரம் ஒண்ணு எடுக்குறாக. தண்ணி மோட்டாருக்கு. அதுல ஒரு நாய் வருது. டாக்டர் ஒருத்தர் கூடவே இருந்து சர்ட்டிபிகேட் தரணுமாம்ல? நீங்க வரணும்."

"நாய் என்ன செய்யணும்?"

"மொதல்ல நொண்டணும். மோட்டார்ல தண்ணி வந்ததும் ஓடணும்."

"எப்படி நொண்டும்?"

"சொன்னா நொண்டுமாம்" என்று சொல்லி, அவன் ஒரு சின்ன அட்டையை மேசையில் வைத்தான். ஒல்லியான நாயின் படம் போட்டிருந்தது. 'தந்தி. பயிற்சி பெற்ற விப்பெட் இன நாய். திரைப்படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் கிடைக்கும். இருபத்தாறு கட்டளைகளுக்குக் கீழ்ப்படியும். பயிற்சியாளர்: வைகுண்டராஜ், வடபழனி, சென்னை.'

அருள்செல்வி அட்டையை இரண்டு முறை படித்தாள். மாட்டுச் சந்தையில் நொண்டி மாட்டை நொண்டாமல் நடத்திக் காட்டுகிற வித்தைகளையெல்லாம் அவள் பார்த்திருக்கிறாள். நல்ல காலை நொண்ட வைப்பது அதைவிடச் சுலபம். விரலிடுக்கில் ஒரு கல்லைச் செருகினால் போதும். அந்தக் கல்லைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் அவள் வருவதாக ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் காலை பொட்டிப்புரத்து மேட்டுக்காட்டில் ஆடிக்காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது. மழை காணாத செம்மண் கரடு. ஒரு பக்கம் கேமரா, இன்னொரு பக்கம் பளபளவென்று புது மோட்டார், அதற்குத் தண்ணீர் கொடுக்க மறைவில் ஒரு டேங்கர் லாரி. வேலிக்கு அப்பால் ஊர்ச்சனம் திரண்டு நின்றது. களையெடுக்கப் போன சந்தனம்மாள் என்ற பெண் களைக்கொத்தோடு அங்கேயே நின்றுவிட்டாள்.

"ஆத்தாடி, எலும்பு எண்ணிறலாம் போலருக்கே. சோறே போடமாட்டாகளா அதுக்கு?"

"அதோட சாதியே அப்படித்தான்க்கா" என்றாள் அருள்செல்வி. "வெளிநாட்டு நாய். ஓடுறதுக்குன்னே பொறந்தது."

தந்தி வெள்ளை நிறம். ஒரு கண்ணைச் சுற்றி மட்டும் சாம்பல் திட்டு. மேசைமேல் தூக்கி வைத்தபோது மரியாதையாக நின்றது. அருள்செல்வி காய்ச்சல் பார்த்தாள், கண்ணை விரித்துப் பார்த்தாள், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். அந்தச் சின்ன உடம்புக்குள் இதயம் நிதானமாகவும் பலமாகவும் அடித்தது. நாலு பாதங்களையும் விரல் விரலாக விரித்துத் தேடினாள். கல் இல்லை, முள் இல்லை, நூல் கட்டிய தடம் இல்லை. இடது முன்னங்காலில் எப்போதோ எலும்பு முறிந்து கூடிய மேடு ஒன்று தட்டுப்பட்டது. அழுத்திப் பார்த்தாள். நாய் முகம் சுளிக்கவில்லை.

"குட்டியில அடிபட்டது" என்றான் வைகுண்டராஜ். ஐம்பது வயதிருக்கும். தலையில் தொப்பி, கையில் பிரம்பு, தொண்டை கரகரத்துப் போயிருந்தது. சென்னையில் பல வருடம் இருந்தும் சின்னமனூர்ப் பேச்சு அவனை விட்டுப் போகவில்லை. "இப்ப ஒண்ணுமில்ல டாக்டரம்மா. ஓடவிட்டுப் பாருங்க, தெரியும்."

டைரக்டர் கையைத் தூக்கினார். கேமரா ஓடியது. வைகுண்டராஜ் பிரம்பை உயர்த்தி, "தந்தி! நொண்டு!" என்று கத்தினான்.

நாய் நாலடி நேராக நடந்தது. பிறகு இடது முன்னங்காலை மெல்லத் தூக்கிக்கொண்டு, மூன்று காலில் தத்தித் தத்தி, தலையைத் தொங்கப்போட்டு நடந்தது. அந்த நடையைப் பார்த்து வேலிக்கு அப்பால் சந்தனம்மாள் 'ச்சோ ச்சோ' என்றாள்.

"நிறுத்துங்க!" அருள்செல்வி தன்னையறியாமல் ஓடிப்போய் நாயைப் பிடித்தாள். காலைத் தூக்கிப் பாதத்தைத் தடவினாள், முட்டியை மடக்கி நீட்டினாள். வீக்கம் இல்லை, சூடு இல்லை. நாய் அவள் கையை நக்கிவிட்டு நாலு காலிலும் ஒழுங்காக நின்றது. டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அவளுக்குக் காது சிவந்துவிட்டது.

"நடிப்புதான் டாக்டரம்மா" என்றான் வைகுண்டராஜ்.

அவள் திரும்பிப்போய்க் குடைக்கடியில் நின்றாள். நாய்க்கு வலி இல்லை, அது நிச்சயம். ஆனால் இன்னொரு சந்தேகம் மண்டைக்குள் ஊர ஆரம்பித்தது. காற்று இப்படி அடிக்கிறது. பத்தடி தள்ளி நின்ற இத்ரீஸ் பேசியதே அவளுக்குக் கேட்கவில்லை. வைகுண்டராஜ் நின்றதோ நாய்க்கு முப்பதடி தள்ளி, காற்றுக்கு எதிரே. அவன் குரல் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது?

இரண்டாவது முறை எடுத்தபோது அவள் காலைப் பார்க்கவில்லை, காதைப் பார்த்தாள். எந்த நாயும் தன்னைக் கூப்பிடுகிற திசைக்குக் காதைத் திருப்பும். வைகுண்டராஜ் தொண்டை கிழியக் கத்தினான். தந்தியின் காதுகள் மடிந்த வாக்கில் அப்படியே கிடந்தன.

இடைவேளையில் நாய் நிழலில் படுத்திருந்தபோது, அருள்செல்வி அதன் முதுகுப்பக்கம் போய் நின்று, ஊசி மருந்து வைக்கிற எவர்சில்வர் தட்டைப் பாறைமேல் போட்டாள். அந்தச் சத்தத்தில் லைட்காரர்கள் நாலு பேர் திரும்பினார்கள். நாய் திரும்பவில்லை.

பெரும்பாலும் வெள்ளையாகப் பிறக்கிற நாய்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்று படித்தது ஞாபகம் வந்தது. அப்படியானால் இருபத்தாறு கட்டளை எப்படி?

மூன்றாவது முறை அவள் நாயின் கண் போகிற பக்கம் பார்த்தாள். அது வைகுண்டராஜைத் தாண்டிப் போனது, கேமராவைத் தாண்டிப் போனது. வேனுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அங்கேதான் இருந்தாள். சமையலுக்கு வந்தவள் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். டைரக்டர் கையைத் தூக்கிய அடுத்த நொடி அந்தப் பெண் முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவ்வளவுதான். நாய் நொண்ட ஆரம்பித்தது. எடுத்து முடித்ததும் அவள் முகத்தை நாய்ப்பக்கம் திருப்பிச் சிரித்தாள். நாய் அவளிடம் பாய்ந்து ஓடியது.

அருள்செல்வி நேராக வேனுக்குப் போனாள்.

"அக்கா, நீங்கதானா?"

அந்தப் பெண் நாயின் கழுத்தைச் சொறிந்துகொண்டே நிமிர்ந்தாள். வைகுண்டராஜின் மனைவி ராமுத்தாய்.

"எது?"

"நாய்க்குக் காது கேக்காது. அது உங்களத்தான் பாக்குது."

ராமுத்தாய் சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, பக்கத்துப் பெட்டியைக் காட்டினாள். "உக்காருங்க. ஆறு வருசத்துல ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கல."

தந்தி மூன்று மாதக் குட்டியாக இருந்தபோது மாடிப்படியில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டதாம். கட்டுப் போட்டிருந்த நாளெல்லாம் ராமுத்தாய் மடியை விட்டு இறக்கவில்லை. "கட்டப் பிரிச்ச பெறகு நல்லாத்தான் ஓடுச்சு. ஆனா நான் வேற வேலையா முகத்தத் திருப்புனா ஒடனே நொண்டும். திரும்பிப் பாத்தா சரியாயிரும். மொதல்ல நானும் பயந்துட்டேன். பெறகுதான் புரிஞ்சது, இது என்னயக் கூப்புடுதுன்னு." அதிலிருந்து பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். முந்தானையைச் சரிசெய்தால் படுக்கும். மூக்கைத் தொட்டால் குரைக்கும்.

"அப்பறம் அவரு எதுக்கு அந்தக் கத்துக் கத்துறாரு?"

"நாற்காலில உக்காந்திருக்கிற பொம்பளய நம்பி நாய நடிக்க யாரு கூப்புடுவா டாக்டர்? மாஸ்டர்னா தொப்பி வேணும், பெரம்பு வேணும், சத்தம் வேணும். அவரும் பாவம், தெனம் ராத்திரி உப்புத்தண்ணி கொப்புளிக்கிறாரு."

அருள்செல்விக்குச் சிரிப்பு வந்தது. வைகுண்டராஜ் வேன் மூலையில் வந்து நின்றதைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. அவன் தொப்பியைக் கையில் வைத்திருந்தான்.

"எழுதிறாதீக டாக்டரம்மா" என்றான் தணிந்த குரலில். "செவிட்டு நாயின்னு தெரிஞ்சா அதோட எல்லாம் முடிஞ்சுபோகும்."

அவள் படிவத்தை விரித்து மடியில் வைத்தாள். மறைக்கலாம். படிவத்தில் காதைப் பற்றித் தனியாகக் கேள்வி இல்லை. ஆனால் அடுத்து எடுக்கப்போவது ஓட்டம். சற்றுத் தள்ளி டேங்கர் லாரி பின்னால் வரும், போகும். ஹாரன் அடித்தால் விலகாத நாயைத் தெரியாத மாதிரி ஓட விட அவளால் முடியாது. பிறகு எழுதினாள்: 'செவித்திறன் இல்லை. வலியோ நோயோ இல்லை. இந்தக் காட்சிகளுக்குத் தகுதியானது. நாய் ஓடும்போது வண்டிகள் நிறுத்தப்பட வேண்டும். பயிற்சியாளர் ராமுத்தாய் நாயின் பார்வையில் படும்படி இருக்க வேண்டும்.'

ராமுத்தாய் அதை வாங்கித் தன் பெயர் இருந்த வரியை மட்டும் விரலால் தொட்டுப் படித்தாள். வைகுண்டராஜ் வேன் படியில் உட்கார்ந்துவிட்டான்.

டைரக்டர் காகிதத்தைப் படித்தார். நாயைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார்.

"அப்ப இத்தன நேரம் நான் யார்கிட்ட பேசிட்டிருந்தேன்?" என்றார் அவர். பிறகு இத்ரீஸைக் கூப்பிட்டார். "அந்தம்மா நாற்காலியத் தூக்கிட்டு வந்து மோட்டார் பக்கத்துல, பிரேமுக்கு வெளிய போடுங்க. லாரி இன்ஜினை ஆஃப் பண்ணுங்க."

ஓட்டத்தை எடுக்க ஒரே முயற்சிதான் ஆகும் என்று நினைத்தார்கள், இரண்டு ஆனது. மோட்டாரில் தண்ணீர் பீச்சியடித்ததும் ராமுத்தாய் முகத்தை நாய்ப்பக்கம் திருப்பிச் சிரித்தாள். முதல் முறை நாய் வந்த வேகத்துக்குக் கேமரா திரும்பவில்லை. பிரேமுக்குள் புழுதி மட்டும்தான் விழுந்திருந்தது. வேலிக்கு அப்பால் ஊரே கைதட்டியது. இரண்டாவது முறை வைகுண்டராஜே கேமராக்காரர் பக்கத்தில் நின்று, எந்த நொடியில் திரும்ப வேண்டும் என்று கைகாட்டினான். அன்றைக்கு அதற்குப் பிறகு அவன் கத்தவில்லை.

சாயங்காலம் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது அருள்செல்வி கடைசியாக ஒன்று கேட்டாள்.

"அக்கா, நொண்டும்போது அதுக்கு நடிக்கிறோம்னு தெரியுமா? இல்ல, நீங்க முகத்தத் திருப்புனா நெசமாவே வலிக்குமா?"

ராமுத்தாய் நாயைப் பார்த்தாள். நாய் அவளைப் பார்த்தது.

"தெரியல டாக்டர். கேட்டா சொல்லவா போகுது?"

இரண்டு மாதம் கழித்து அருள்செல்வி உத்தமபாளையம் கடைத்தெருவில் போய்க்கொண்டிருந்தபோது, டிவி கடை வாசலில் அந்த விளம்பரம் ஓடியது. நொண்டுகிற இடம் நாலே நொடிதான். பக்கத்தில் பையோடு நின்ற பெரியவர், "பாவம், முள்ளு ஏறிருக்கு போல" என்றார்.

"முள்ளு இல்லண்ணே" என்றாள் அவள். அதற்கு மேல் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டாள். நாயின் கண் எந்தப் பக்கம் இருந்தது என்பதை அவள் சரியாகக் கவனிக்கத் தவறியிருந்தாள். அவள் ஏற வேண்டிய பேருந்து வந்து நின்றது, கிளம்பியும் போனது. விளம்பரம் மறுபடி வரட்டும் என்று அவள் அங்கேயே காத்து நின்றாள்.